ஆறுமணிக்குருவிக்கு ஃபிளாஷ் போடாதவர்

திருநெல்வேலி வட்டாரத்தில் நேரம் தவறாமல் வேலைக்கு வருகிற ஜீவன்கள் குறைவு. அரசு அலுவலகங்களைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. சொன்னதாக யாரும் எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். ஆறுமணிக்குருவி என்று ஒரு பறவை இருக்கிறது. ஐப்பசியில் வடக்கேயிருந்து வந்து இறங்கும். காலை ஆறு மணிக்கு ஒருமுறை, மாலை ஆறு மணிக்கு ஒருமுறை, இரண்டு சுரத்தில் விசில் அடித்து வருகையைப் பதிவு செய்யும். மற்ற நேரமெல்லாம் புதருக்குள் சருகைக் கிளறிக்கொண்டிருக்கும். பச்சை முதுகு, நீலத் தோள், சந்தன வயிறு, கண்ணோடு சேர்த்து ஒரு கறுப்புப் பட்டை, வாலுக்கு அடியில் குங்குமச் சிவப்பு. கல்யாண வீட்டுக்கு உடுத்திக்கொண்டு கிளம்பியதுபோல இத்தனை நிறங்களையும் வைத்துக்கொண்டு, அவற்றைப் பார்க்க வெளிச்சம் போதாத நேரமாகத் தேர்ந்தெடுத்து வெளியே வருவதுதான் அதன் குணம்.

இந்தப் பறவைக்கும் வண்ணார்பேட்டை ஜோதி ஸ்டூடியோ முத்துமாலைக்கும் இடையே 1997ஆம் ஆண்டு தொடக்கத்தில் நடந்த விவகாரத்தை யாராவது எழுதி வைக்க வேண்டும். வேறு யாரும் முன்வராததால் நான் எழுதுகிறேன்.

முத்துமாலை சாத்தான்குளத்துக்காரர். வயது நாற்பத்து மூன்று. இருபத்திரண்டு வருடமாகக் கல்யாணப் புகைப்படக்காரர். ஆயிரத்துச் சொச்சம் தாலிகள் அவர் கேமராவுக்கு எதிரே ஏறியிருக்கின்றன. ஆனால் எந்தப் படத்தின் கீழும் அவர் பெயர் கிடையாது. ஆல்பத்தின் முகப்பில் மாப்பிள்ளை பெண் பெயர் இருக்கும். பின்னட்டையில் ஸ்டூடியோவின் ரப்பர் முத்திரை இருக்கும். அந்த ஜோதியும் அவருக்கு உறவில்லை. கடையை விற்றுவிட்டுப் போன பழைய முதலாளியின் மகள். அவளை முத்துமாலை பார்த்ததே இல்லை. போர்டை மாற்றச் செலவாகும் என்று அப்படியே விட்டுவிட்டார். அதனால் ஊரில் அவருக்குப் பெயர் ஜோதி அண்ணாச்சி. முகம் தெரியாத ஒரு பெண்ணின் பெயரில் ஒரு மனிதர் இருபத்திரண்டு வருடம் வாழ்ந்திருக்கிறார். அவர் அதைப் பற்றிப் புகார் செய்ததில்லை, மார்கழியில் ஒரு நாள் வைத்தீஸ்வரன் சார் பாஸ்போர்ட் படத்துக்கு வந்து உட்காரும்வரை.

வைத்தீஸ்வரன், ஓய்வு பெற்ற விலங்கியல் பேராசிரியர். தாமிரபரணிக் கரைப் பறவைகளுக்கு ஒரு பட்டியல் தயாரித்து, பன்னிரண்டு வண்ணப் படங்களோடு சிறு புத்தகமாக அச்சிட ஏற்பாடு செய்துகொண்டிருந்தார். மாதிரிப் பக்கங்களை அவர் மடியிலிருந்து வாங்கிப் புரட்டிய முத்துமாலை, படங்களைப் பார்க்கவில்லை. படத்துக்குக் கீழே பொடி எழுத்தில் இருந்ததைப் பார்த்தார். 'படம்: இன்னார், சென்னை.' 'படம்: டாக்டர் இன்னார், கோயம்புத்தூர்.' பதினோரு பக்கம் அப்படி. பன்னிரண்டாம் பக்கம் காலி.

"இது என்ன சார், வெறுமையா கெடக்கு?"

"ஆறுமணிக்குருவிக்கு ஒதுக்கினது ஓய். ஒருத்தரும் எடுத்துத் தரலை. வெளிச்சம் இல்லைங்கறா. மெட்ராஸ்காரா ரெண்டு பேர் வந்து, கொசுக்கடி வாங்கிண்டு போனதுதான் மிச்சம்."

"கெடைக்கலன்னா?"

"பிப்ரவரி இருபது, சாயங்காலம் அஞ்சு மணி. அதுவரைக்கும் பார்ப்பேன். அப்புறம் அந்தப் பக்கத்துல அப்பள விளம்பரம். கம்பெனிக்காரன் அச்சு பிளாக்கே கொடுத்துட்டான்."

முத்துமாலை பேராசிரியரின் தாடையை இரண்டு விரலால் நிமிர்த்தி, கேமராவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு கேட்டார்: "அந்தப் பக்கத்துலயும் படம்னு போட்டுப் பேரு வருமா சார்?"

"எடுத்தவன் பேர் வராம?"

அன்றைக்கு எடுத்த பாஸ்போர்ட் படத்தில் பேராசிரியர் கண்ணை மூடியிருந்தார். முத்துமாலையின் தொழில் வாழ்க்கையில் அது முதல் கவனக்குறைவு.

அவருடைய மனைவி இசக்கித்தாயின் தம்பி பூதத்தானுக்கு முக்கூடலில், ஆற்றுக்குப் பக்கத்தில் வாழைத் தோட்டம். தோட்டத்து ஓரத்தில், வாய்க்காலை ஒட்டி ஒரு புதர். அந்தக் குருவி அங்கே தினமும் வந்து கத்துவதாகப் பூதத்தான் சொன்னான். தண்ணீர் கட்டிவிட்டு வீட்டுக்குக் கிளம்ப அவனுக்கு அதுதான் கடிகாரம்.

முதல் முயற்சிக்கு முத்துமாலை கல்யாணச் சாமான்களோடு போனார். மேடையில் நிற்கும் ஜோடிக்கான ஐம்பது மில்லிமீட்டர் லென்ஸ். தோளில் பேட்டரிப் பையோடு தொங்கும் ஃபிளாஷ். குருவி வந்தது, கத்தியது. முப்பதடி தூரத்திலிருந்து இவர் அடித்தார். படத்தில் முன்னால் நின்ற வாழையிலை, கொடியில் காயப்போட்ட வேட்டிபோல வெள்ளை வெளேரென்று பளிச்சிட்டது. அதற்குப் பின்னால் இருட்டு. இருட்டில் ஒரு கடுகு.

"வாழை வகைகள்னு ஒரு புத்தகம் போட்டா, அப்போ சொல்லியனுப்பறேன்," என்றார் பேராசிரியர்.

இரண்டாம் முயற்சிக்கு, எழுபதிலிருந்து இருநூற்றுப் பத்து வரை நீளும் ஜூம் லென்ஸை எடுத்துப் போனார். அது பந்தியில் சாப்பிடுகிறவர்களைத் தெரியாமல் எடுப்பதற்கென்று வாங்கியது. கடுகு இப்போது கொண்டைக்கடலை ஆனது. ஆனால் அந்த லென்ஸ் நீள நீளக் கண்ணைச் சுருக்கிக்கொள்ளும் சாதி. உள்ளே வருகிற வெளிச்சம் குறைந்தது; ஷட்டரை ஒரு வினாடியில் எட்டில் ஒரு பங்கு நேரம் திறந்து வைக்க வேண்டியிருந்தது. அவ்வளவு நேரம் அசையாமல் நிற்கக் குருவி என்ன சம்பந்தி வீட்டுக்காரரா? படத்தில் பச்சையும் மஞ்சளும் சிவப்பும் கோலப்பொடி கொட்டியதுபோல இழுவிக் கிடந்தன. பேராசிரியர் அதைத் தலைகீழாகவும் பிடித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

அதன்பிறகுதான் முத்துமாலை மேலப்பாளையம் போனார். அங்கே ஜுபைதா பீவி என்றொரு அம்மாள். மூன்று மகன்களும் ஷார்ஜாவில். அவர்கள் ஊருக்கு வரும்போதெல்லாம் கொண்டுவரும் லென்ஸ்களையும் ஃபிளாஷ்களையும் பீரோவில் புடவைகளுக்கு நடுவே வைத்து விற்பார். அந்த அம்மாள் ஒரு படம்கூட எடுத்ததில்லை. ஆனால் இருபது வருடமாகப் படம் எடுக்கிறவர்களின் புலம்பலைக் கேட்டுக் கேட்டு, இந்த மாவட்டத்தில் ஒளியியல் அறிந்தவர்களில் முதன்மையானவராக ஆகியிருந்தார்.

விஷயத்தைக் கேட்டுவிட்டு, கட்டிலில் ஒரு போர்வையை விரித்து மூன்று சாமான்களை வைத்தார். ஒன்று, முந்நூறு மில்லிமீட்டர் லென்ஸ், தவில்போல இருந்தது. இரண்டாவது, தலையில் பூதக்கண்ணாடி மாட்டிய பெரிய ஃபிளாஷ். மூன்றாவது, நூற்று முப்பத்தைந்து மில்லிமீட்டர் லென்ஸ். ஒரு கை அகலத்துக்குக் குட்டையாக, கண் மட்டும் பெரிதாக.

முத்துமாலையின் கை தானாக ஃபிளாஷ் பக்கம் போனது.

"தம்பி, அத எடுக்காதீங்க," என்றார் பீவி. "முப்பதடிக்கு அங்கன இருந்து அடிச்சா மொதல்ல எலதான் வாங்கிக்கிடும். பொறவுதான் குருவி. பெரிய ஃபிளாஷ் போட்டா எல இன்னும் பெருசா வெளுக்கும்."

"அப்ப அந்த நீளமானது?"

"நீளம் கிட்டக் காட்டும். வாய் அகலமா இருந்தாத்தான் வெளிச்சம் வரும். நீளமும் வேணும் அகலமும் வேணும்னா, அதத் தூக்க ஒட்டகம் வேணும். எம்மவன் அங்கன ஒருத்தங்கிட்டப் பாத்தானாம். இந்த நீளமானது நடுத்தரம். ஆனா அந்தக் குட்டையன் இருக்கானே, அவனுக்கு வார வெளிச்சத்துல இதுக்குப் பாதிதான் வரும். லேசா ஆடினாலும் படம் போச்சு."

"குட்டையன் கிட்டக் காட்டாதே, பீவியம்மா."

"காட்டாது. நீங்கதான் கிட்டப் போவணும்."

"பறந்துரும்லா?"

"அது ஒங்க பாடு. லென்ஸ்தான் நான் விக்கேன். பொறும விக்கல. ஃபிளாஷ் வேணும்னா, கல்யாணத்துக்கு வச்சிருக்கியளே, அதுவே போதும். கேமரா தலையில வைக்காதீங்க. நீளமா ஒயர் போட்டுக் குருவிக்குப் பக்கத்துல கொண்டு வையிங்க. மேல ஒரு கைக்குட்டையப் போர்த்துங்க. கண்ணு கூசாது, அதுக்கும்."

முத்துமாலை ஜூமைக் கொடுத்துவிட்டுக் குட்டையனை வாங்கிக்கொண்டார். பந்தியில் இனி யாரும் தெரியாமல் எடுக்கப்படப் போவதில்லை என்பது நகரத்துக்கு நல்ல செய்திதான்.

கிட்டப் போவதற்கு மறைப்பு வேண்டும். மறைப்புக்கு முத்துமாலையிடம் இருந்தது ஸ்டூடியோவின் பின்திரை. எட்டடிக்குப் பத்தடி, ஊட்டி ஏரி, படகு, இரண்டு அன்னம், ஒரு பாலம். அதை டவுன் பஸ்ஸின் மேலே போட்டு முக்கூடல் கொண்டுபோய், புதருக்குப் பத்தடியில் இரண்டு கம்பு நட்டுக் கட்டி, அன்னத்தின் வயிற்றில் லென்ஸ் அளவுக்கு ஓட்டை போட்டு, பின்னால் முக்காலியில் உட்கார்ந்தார்.

"அத்தான், வாழைக்கு நடுவுல ஊட்டியக் கொண்டாந்து கட்டிட்டியளே," என்றான் பூதத்தான்.

"குருவி பயப்படாம இருக்கும்லே."

"குருவி பயப்படாது. பீடிக் கடைக்கு இல வாங்கப் போறவங்கதான் பேசிக்கிடுதாவ. போட்டா புடிக்கிற எடம் தொறந்திருக்குன்னு."

அவன் சொன்னது நடந்தது. முதல் நாள் மாலை ஐந்தரைக்கு ஒரு குடும்பம் பவுடர் பூசிக்கொண்டு, கைக்குழந்தையோடு வந்து பாலத்தின் முன் வரிசையாக நின்றது. வேறு வழியில்லை, முத்துமாலை திரையைச் சுற்றி வந்து அவர்களை எடுத்து அனுப்பினார். இரண்டாம் நாள் இரண்டு குடும்பம். மூன்றாம் நாள் பூதத்தான் வரப்பில் கம்போடு நின்றுகொண்டான். நாலாம் நாள் குருவி புதரிலிருந்து வெளியே வந்து, ஊட்டியைச் சற்றுநேரம் பார்த்தது. அதன் வடநாட்டு அனுபவத்தில் இதைவிட மோசமான ஓவியங்களைப் பார்த்திருக்க வேண்டும். சருகைக் கிளறத் தொடங்கிவிட்டது. பத்தடி தூரம். குட்டையன் கண்ணை முழுக்க விரித்து, முப்பதில் ஒரு பங்கு வினாடிக்குத் தேவையான வெளிச்சத்தை உள்ளே வாங்கி வைத்திருந்தான். முத்துமாலை பொத்தானில் விரலை வைத்தார்.

"ரெடி. எல்லாரும் இங்கன பாருங்க," என்றார்.

குருவி போய்விட்டது.

இது அவர் வேண்டுமென்று செய்ததல்ல. இருபத்திரண்டு வருடமாக அந்த வார்த்தைகளைச் சொல்லாமல் அவர் விரல் பொத்தானை அமுக்கியதில்லை. விரலுக்கும் வாய்க்கும் நடுவில் ஒரே நரம்பு ஓடத் தொடங்கியிருந்தது. ஐந்தாம் நாள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். கடைசி நொடியில், "தலையக் கொஞ்சம் தூக்குங்க," என்று மரியாதையாகக் கேட்டார். ஆறாம் நாள் எதுவும் சொல்லவில்லை; விரலும் அமுக்கவில்லை. குருவி கத்திவிட்டு, வேலை முடிந்ததென்று போனது.

"தேதி பதினாலு ஆச்சு," என்று அன்றிரவு சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். "அப்பளம்தான் வரும்போல, அந்தப் பக்கத்துல."

"வாயிதானே பெரச்சன?" என்றாள் இசக்கித்தாய்.

"ஆமா."

"கல்யாணமான நாளா எனக்கும் அதான் பெரச்சன. நாளைக்கு நானும் வாரேன்."

மறுநாள் ஐந்தே முக்காலுக்கு, கணவரை வாயைத் திறக்கச் சொல்லி, எலுமிச்சை அளவு கருப்பட்டி உருண்டை ஒன்றை உள்ளே அடைத்தாள். சாத்தான்குளத்துக் கருப்பட்டி, கடித்தால் பல் போகும், கரைய அரைமணி நேரம் ஆகும். குருவி வந்தது. ஒரு காலை முன்னால் வைத்துத் தலையை அண்ணாந்து கத்தியது. முத்துமாலையின் தொண்டைக்குள் "ம்ம், ம்ம்ம்ம்ம" என்று ஒரு சத்தம் கிளம்பி, கருப்பட்டியில் மோதி அங்கேயே அடங்கியது. விரல் அமுக்கியது.

ஒரு படம், ஃபிளாஷ் இல்லாமல். எதற்கும் இருக்கட்டும் என்று ஒயரைச் சொருகி, புதரோரம் முன்பே வைத்திருந்த, கைக்குட்டை போர்த்திய ஃபிளாஷோடு இன்னொரு படம். வெளிச்சம் பட்டதும் குருவி நிமிர்ந்து ஒருமுறை பார்த்தது. பிறகு புதருக்குள் நடந்துபோய், அங்கிருந்து மறுபடியும் கத்தியது. பூதத்தான் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினான்.

அன்றைக்குப் புதிதாகப் போட்ட ஃபிலிம் சுருளில் இன்னும் முப்பத்து நாலு படம் பாக்கி. ஃபிலிமை வீணாக்குவது கல்யாணப் புகைப்படக்காரர்களின் சாஸ்திரத்தில் கிடையாது. பதினெட்டாம் தேதி ஒரு காதுகுத்து இருந்தது. அதில் மீதியைத் தீர்த்து, ஜங்ஷன் பக்கத்தில் ஒரு கலர் லேபில் கொடுத்து, இருபதாம் தேதி பிற்பகல் இரண்டு மணிக்குக் கவரை வாங்கினார். காதுகுத்தில் அழுகிற குழந்தை முப்பத்து நாலு விதமாக அழுதிருந்தது. அவற்றோடு ஒரே ஒரு குருவி. ஃபிளாஷ் போட்ட படம். மற்றது விழவில்லை போலும் என்று எடுத்துக்கொண்டு அச்சகத்துக்கு ஓடினார்.

பேராசிரியர் படத்தை வாங்கி, மூக்குக்கு அருகில் வைத்து, எழுந்து நின்றுவிட்டார்.

"ஓய் முத்துமாலை. இறகை எண்ணலாம் போலிருக்கே. நீர் எடுத்ததா இது? உட்காரும். பேரை எப்படிப் போடணும்னு சொல்லும்."

முத்துமாலை உட்கார்ந்தார். இருபத்திரண்டு வருடத்தில் யாரும் அவரிடம் கேட்காத கேள்வி. பதில் சொல்வதற்குமுன், தன் பெயர் வரப்போகிற இடத்துக்கு மேலே என்ன இருக்கிறது என்று ஒருமுறை பார்த்தார். குருவி கூர்மையாக இருந்தது. கண்ணில் புள்ளி வெளிச்சம்கூட இருந்தது. அதைச் சுற்றி ஒரே கறுப்பு. சருகு இல்லை, புதர் இல்லை, வாய்க்கால் இல்லை. கல்யாண மண்டபத்துக்குப் பின்பக்கம், ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் பிடிபட்ட ஆசாமிபோல முழித்துக்கொண்டு நின்றது.

"சார், இது சரியில்ல."

"என்ன சரியில்லை?"

"கீழ ஆறுமணிக்குருவின்னு போடுவிய. மேல பன்னெண்டு மணியால்லா இருக்கு? படிக்கவன் குருவியச் சொல்ல மாட்டான் சார். எடுத்தவனச் சொல்லுவான். அவம் பேரு அங்கனயே இருக்கும்."

"ஓய், பறவை தெரியறது. அதுக்கு மேல என்ன வேணும்?"

"நான் இன்னொண்ணு எடுத்தேன். அந்தி வெளிச்சத்துல. விழுந்திருக்கா இல்லையான்னு தெரியல. அஞ்சு மணி வரைக்கும் டயம் இருக்கு."

"அது விழலைன்னா?"

முத்துமாலை படத்தை அவர் கையிலிருந்து மெல்ல உருவி, சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். "அப்பளத்தப் போட்டுருங்க."

கையில் வந்த பெயரை இப்படிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வெயிலில் மொபெட்டை மிதித்துக் கிளப்புகிற மனிதரை என்ன செய்வதென்று பேராசிரியருக்குத் தெரியவில்லை. அவர் விலங்கியல் படித்தவர். இது அதில் வராது.

லேபில் மிஷின் முன்னால் இருந்தவர் சாய்கிருஷ்ணன். கவனமான ஊழியர்.

"தம்பி, எனக்கு முப்பத்தஞ்சு படந்தான் வந்திருக்கு. ஒண்ணு கொறையுதே?"

"ஆமா அண்ணாச்சி. ஒண்ணு வேஸ்ட்டு. நாந்தான் போடல."

"வேஸ்ட்டுன்னு எப்படிச் சொல்லுதிய?"

"அதுல ஆளே இல்லையே அண்ணாச்சி. இருட்டா ஒரு எடம். யாரோ எந்திரிச்சுப் போன பொறவு தெரியாம அமுக்கிட்டிய போலன்னு நெனச்சேன். ஒரு பிரிண்டுக் காசாவது ஒங்களுக்கு மிச்சமாகட்டும்னு விட்டுட்டேன்."

தலை இல்லாத படம் படமில்லை என்பது நெல்லை நகரின் எல்லா லேபுகளுக்கும் பொதுவான நீதி. முத்துமாலையே அந்த நீதியால் பலமுறை பயனடைந்தவர். அதனால் கோபப்படவில்லை. நெகட்டிவை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார். எல்லாம் மாறிக்கிடந்த அந்தச் சிறு கட்டத்துக்குள், அண்ணாந்த தலை ஒன்று இருந்தது.

"இதப் போடுங்க."

முதல் பிரதி வெளியே வந்தது. சாம்பல் பூத்த பகல். பூதத்தானின் புதர் மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு நின்றது.

"ராத்திரியும் வேண்டாம், பகலும் வேண்டாம் தம்பி. இன்னும் இருட்டாக்குங்க."

சாய்கிருஷ்ணன் திரும்பி அவரை ஏற இறங்கப் பார்த்தார். "அண்ணாச்சி, மிஷின் இருட்டப் பாத்தா அதுவா வெளிச்சமாக்கும். எட்டு வருசமா இங்கன உக்காந்திருக்கேன். வெளுப்பாக்கச் சொல்லித்தான் எல்லாரும் கேப்பாவ. பொண்ணு வெளுப்பா, மாப்பிள வெளுப்பா, மாமியாகூட வெளுப்பா. இருட்டாக்கச் சொல்லி வந்த மொத ஆளு நீங்கதான்."

"பைய ஒரு படி கொறைங்க."

இரண்டாம் பிரதியில் மணி ஐந்தரை. மூன்றாவது, மிஷினின் வாயிலிருந்து ஈரச்சூட்டோடு நழுவி வந்தபோது இரண்டு பேரும் அதன்மேல் குனிந்தார்கள். சருகின் மேல் கடைசி வெளிச்சம் படுத்திருந்தது. புதர் மங்கலாகப் பின்னுக்குப் போயிருந்தது. குருவி சற்று மெத்தென்றுதான் இருந்தது. இறகை எண்ண முடியாது. ஆனால் வாய் திறந்திருந்தது. வாலடிச் சிவப்பு, அடுப்பில் கிடக்கும் கங்குபோல, அந்த மங்கலில் தனியாகத் தெரிந்தது.

"ஆளு இருக்கு அண்ணாச்சி," என்றார் சாய்கிருஷ்ணன்.

அப்போது மணி நாலு ஐம்பது. வண்ணார்பேட்டையில் இரண்டு பஸ்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்றன. நடுவில் மொபெட் போக வழியில்லை. முத்துமாலை அச்சகத்தில் நுழைந்தபோது ஐந்து மணி பதினேழு நிமிடம். அப்பள பிளாக் மேசைமேல் தயாராக இருந்தது. பேராசிரியர் பதினோராம் பக்கத்தில் ஒரு கால்புள்ளியைப் பற்றி அச்சகக்காரரிடம் வாதாடிக்கொண்டிருந்தார். பதினேழு நிமிடமாக அதே கால்புள்ளியாம். அது அவசியமான விவாதமா என்று நான் பிற்காலத்தில் கேட்டபோது, கால்புள்ளி விஷயத்தில் சமரசம் கூடாது என்று மட்டும் சொன்னார்.

படத்தைப் பார்த்தார். அப்பளத்தை ஓரமாக நகர்த்தினார்.

"பேர் சொல்லும் ஓய்."

"முத்துமாலை, திருநெல்வேலி. அதுக்குப் பக்கத்துல, 'ஃபிளாஷ் இல்லை'ன்னும் போட்டுருங்க சார்."

"அது எதுக்கு?"

"பாக்கவனுக்குத் தெரியட்டும்."

புத்தகம் வெளிவந்தது. பங்குனியில் அதைப் படித்த ஒரே வாசகர், பாளையங்கோட்டையில் மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்த ஒரு தகப்பனார். கையில் புத்தகத்தோடு ஸ்டூடியோவுக்கு வந்தார்.

"முத்துமாலை அண்ணாச்சிங்கது நீங்கதானா?"

முத்துமாலை துடைத்துக்கொண்டிருந்த லென்ஸைக் கீழே வைத்தார். இசக்கித்தாய் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள்.

"நாந்தான்," என்றார் முத்துமாலை.

"ஃபிளாஷ் போட மாட்டியன்னு இதுல போட்டிருக்கே. கல்யாணத்துக்கு எப்படி?"

முத்துமாலை நாற்காலியைத் துடைத்து அவர் பக்கம் நகர்த்தினார். "ஒங்க மக அந்தி நேரத்துல பொதருக்குள்ள நின்னு கூப்பிட்டா போட மாட்டேன் அண்ணாச்சி. மேடையில நின்னா போடுவேன். எத்தன மணிக்கு முகூர்த்தம்?"

"காலையில ஆறு."

"வெளிச்சம் நல்லாயிருக்கும்," என்று சொல்லி, டைரியைத் திறந்து தேதியை எழுதிக்கொண்டார்.